சித்தப்பாவின் கட்டைத் துவக்கு

முந்தின வருஷ நவம்பரில் சித்தப்பா சுட்ட மான் ஒன்று கிடைக்கவில்லை. தப்பிவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சொன்னார். சித்திக்கும் அப்படித்தான் சொன்னார். பிறகு ஒரு நாள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மண்டில், துவக்குப் பெட்டியைப் பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"தப்பேல்லை பிள்ளை. பட்டது. நான் கண்டனான்."

பெரி சவுண்டுக்கு அங்கால் அவர்கள் வழமையாகப் போகிற காடு. உயர் மின்கம்பிகள் போவதற்காக நடுவில் நீளமாக வெட்டி வெளியாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிக்கு மற்றக் கரையில் மான் நின்றிருக்கிறது. தூரம் 250 யார். சித்தப்பா சுட்டார். மான் ஒருக்கா முதுகை வளைத்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் பனியில் நாலைந்து துளி இரத்தம் மட்டும். இருட்டுமட்டும் தேடினார். இரவு பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அடுத்த நாளும் தேடினார். மூன்றாம் நாள், காகங்கள் எங்கே இறங்குகின்றன என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒன்றும் இல்லை.

"எங்கயோ கிடந்து சாகிறதுக்கு எத்தினை நாள் எடுத்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாத கேள்வி அது.

எனக்கும் துவக்குக்கும் நல்ல உறவு இல்லை. 2009 இல் எனக்கு 11 வயது. வன்னியில் அந்த வயதில் இருந்த பிள்ளைகளுக்குச் சத்தத்தை வைத்தே எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பங்கருக்குப் பக்கத்தில் பொறுக்கிய பித்தளைக் கோதுகளை வரிசையாக அடுக்கிக் கடை விளையாடியிருக்கிறோம். கோதுக்குள் ஊதினால் விசில் மாதிரிச் சத்தம் வரும். அந்தக் கோதுகளுக்குள் இருந்தது யாருக்குப் போனது என்று அப்போது யோசித்ததில்லை. இப்போதும் பட்டாசு கொளுத்துகிற இடங்களில் நான் நிற்பதில்லை.

2021 இல் படிக்க வந்து, சித்தப்பா வீட்டிலேயே தங்கினேன். அவர் 1989 இல் வந்தவர். தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் பழக்கி, முப்பது வருஷமாக ஒவ்வொரு நவம்பரும் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர். எனக்கு அது பிடிக்காது. இறைச்சி மட்டும் சாப்பிடுவேன். அதில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது என்று எனக்கே தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அந்த மான் கதையைக் கேட்ட பிறகு அவர் "உந்தக் கொப்பியை ஒருக்கா எடுத்துப் பார், எங்க பிழை விட்டனான் எண்டு சொல்லு" என்றபோது மறுக்க முடியவில்லை.

கொப்பி என்றது, சித்தப்பா ரவை கட்டுகிற கணக்குக் கொப்பி. அவர் கடையில் ரவை வாங்குவது குறைவு. சுட்ட கோதை எடுத்து வந்து, துப்புரவாக்கி, பழைய அளவுக்கு அமத்தி, புது பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை இருத்துவார். பேஸ்மண்ட் மூலையில் ஒரு மேசை, இரும்பு நெம்புகோல் வைத்த ஒரு அச்சு இயந்திரம், ஒரு தராசு. நிறை எல்லாம் கிரேனில். ஒரு இறாத்தலில் 7000 கிரேன். அந்த மேசையில் அவர் இருக்கும்போது ரேடியோ கூடப் போட விடமாட்டார். ஒரு கோதுக்குள் இரண்டு தரம் மருந்து விழுந்தால் துவக்கே வெடித்து முகத்துக்கு வரும்.

"இதெல்லாம் எங்க பழகினீங்கள்?" என்று ஒருக்கா கேட்டேன். சிரித்தார். "கொப்பப்பான்ர இடியனில."

அப்பப்பாவின் இடியன் துவக்கை நான் கண்டதில்லை. கதைகளில்தான் தெரியும். ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்குப் பன்றி வராமல் காவல் இருக்கிற துவக்கு அது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, சன்னங்களைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவது. ஒவ்வொரு வெடிக்கும் ஆளே தன் கையால் கட்ட வேண்டும். ஒரு வெடிதான். பிழைத்தால் திரும்பக் கட்ட நேரம் இல்லை. அதனால் அப்பப்பா பன்றி கிட்ட வருமட்டும் காத்திருப்பாராம். நுளம்பு கடித்தாலும் அசையமாட்டாராம். ஆனால் கட்டுத்துவக்கு வைக்கிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மிருகம் போகிற பாதையில் கயிறு கட்டி, தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற துவக்கு. பன்றி வந்தாலும் வெடிக்கும், மாடு வந்தாலும் வெடிக்கும், விறகு பொறுக்க வந்த ஆள் வந்தாலும் வெடிக்கும். "உதுக்குக் கண் இல்லை" என்பாராம்.

சரி, கொப்பிக்கு வருவம்.

நான் துவக்கு தெரிந்தவள் இல்லை. ஆனால் எண் பார்க்கத் தெரியும். கொப்பியில் பழைய பக்கங்களைப் புரட்டினால், பதினைந்து வருஷமாக ஒரே கட்டுத்தான். .308 வின்செஸ்டர் ரவை, 180 கிரேன் செப்புச் சன்னம், வேகம் விநாடிக்கு 2600 அடி. அது பழைய துவக்கு. குழல் 24 அங்குலம். இரண்டு வருஷத்துக்கு முதல் தோள் நோவென்று அதை விற்றுப்போட்டு, பாரம் குறைந்த கட்டைத் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். குழல் 16 அரை அங்குலம். அடர்ந்த காட்டுக்குள் கொப்புகளில் சிக்காமல் கொண்டு திரியலாம். துவக்கு மாறியது. கட்டு மாறவில்லை. புதுத் துவக்கில் வேகம் எவ்வளவு என்ற இடத்தில் கொப்பியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இதில வேகம் அளக்கேல்லையோ சித்தப்பா?"

"அதே ரவைதானே பிள்ளை."

அதே ரவைதான். ஆனால் மருந்து எரிந்து உண்டாகிற வாயு, சன்னம் குழலுக்குள் இருக்குமட்டும்தான் அதைத் தள்ளும். குழல் கட்டை என்றால் தள்ளுகிற தூரமும் கட்டை. இந்த வகை ரவையில் ஒரு அங்குலம் குறைந்தால் விநாடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் போகும் என்பது பொதுக் கணக்கு. அடுத்த சனிக்கிழமை குரோனோகிராப் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு சுடுகிற மைதானத்துக்குப் போனோம். ஐந்து வெடியின் சராசரி 2425. கிட்டத்தட்ட 180 அடி காணாமல் போயிருந்தது.

180 அடி என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். வேட்டைச் சன்னம் வெறுமனே துளைத்துக்கொண்டு போவதற்குச் செய்தது இல்லை. பட்டவுடன் முன்பக்கம் பூ மாதிரி விரிய வேண்டும். விரிந்தால்தான் நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் ஒரேயடியாக நின்று மிருகம் கெதியாக விழும். விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். முழுச் செப்புச் சன்னம் ஈயத்தைவிட வலிது. அதில் பலதுக்கு அந்த வேகம் விநாடிக்கு 2000 அடியளவில். 2425 இல் புறப்பட்ட சன்னம் 250 யாரில் அதுக்கும் கீழே வந்திருக்கும். விரியாமல் பென்சில் மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டு போயிருக்கும். அதுதான் நாலைந்து துளி இரத்தம்.

இதைச் சொன்னபோது சித்தப்பா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப பழைய துவக்கெண்டால் விழுந்திருக்கும்" என்றார். விழுந்திருக்கலாம்.

அதுக்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு இதே வேலைதான். முதலில் அவர் நினைத்தது, மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று. கட்டைக் குழலில் அழுத்தம் குறைவாகத்தானே இருக்கும் என்று அவருடைய எண்ணம். அது பிழை. அழுத்தம் உச்சத்துக்குப் போவது சன்னம் முதல் சில அங்குலம் நகருகிறதுக்குள்ளேயே. 16 அங்குலம் என்றாலும் 24 என்றாலும் அந்த உச்சம் ஒன்றுதான். கையேட்டில் உள்ள ஆகக்கூடிய அளவு கட்டைத் துவக்குக்கும் அதே அளவுதான். அங்கே ஒரு கிரேன் ஏமாற்றினாலும் விலை கண்ணாக இருக்கலாம்.

இரண்டாவது, கெதியாக எரிகிற மருந்துக்கு மாறினால் விட்ட வேகம் திரும்பக் கிடைக்கும் என்று மைதானத்தில் ஒருவர் சொன்னார். அதுவும் முழு உண்மை இல்லை. நீளக் குழலில் கூட வேகம் தருகிற மருந்துதான் அநேகமாகக் கட்டைக் குழலிலும் கூட வேகம் தரும். வேகம் மாறாது, வேறொன்று மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, சன்னத்தை மாற்றுவது. இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஈயம் வைத்த மெதுவான சன்னம் போட்டால் குறைந்த வேகத்திலும் வடிவாக விரியும். பிரச்சினை அதோடு முடிந்துவிடும். ஆனால் ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாக உடைந்து காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சிக்குள் போகும். காட்டில் விட்டுவிட்டு வருகிற குடலைத் தின்கிற கழுகுகளுக்கும் அந்த ஈயம் நஞ்சு. கனடாவில் 1999 இலிருந்து வாத்து வேட்டைக்கு ஈயச் சன்னம் தடை. மானுக்கு அப்படித் தடை இல்லை. "முப்பது வருஷமா எல்லாரும் தின்னுறம், ஆர் செத்தது?" என்றார் சித்தப்பா. நான் மேலே கைகாட்டினேன். மேலே தங்கச்சியின் ஒன்றரை வயதுப் பிள்ளை நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குச் சித்தி மான் இறைச்சியை அரைத்துத்தான் சோற்றுக்குள் போடுகிறவ.

அதோடு ஈயக் கதை முடிந்தது. செப்புத்தான், ஆனால் பாரம் குறைந்த செப்பு. 180 இலிருந்து 150 கிரேனுக்கு இறங்கினோம். பாரம் குறைந்தால் வேகம் கூடும், தோளுக்கு உதையும் குறையும்.

இனி அந்த மற்ற விஷயம். மைதானத்தில் முதல் நாள் நான் பத்து யார் பின்னுக்கு நின்றேன். காதுக்குள் பஞ்சு, அதுக்கு மேல் காதுமூடி. கட்டைத் துவக்கு வெடிக்கிற சத்தம் நீளத் துவக்கு மாதிரி இல்லை. மருந்து முழுக்க எரிந்து முடிய முதலே சன்னம் வெளியே வந்துவிடுகிறது. மிச்சம் குழல் வாயில் வெடிக்கிறது. சத்தத்தைக் குறைக்கிற கருவி கனடாவில் தடை. முதல் வெடிக்கே நான் குந்திவிட்டேன். நானாகக் குந்தவில்லை, உடம்பு குந்தியது. பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எனக்குச் சத்தத்தைவிட, குழல் வாயில் வந்த அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம்தான்.

அன்று காரில் வரும்போது சொன்னேன்: "சித்தப்பா, அந்த நெருப்புக் குறையிற மருந்து ஏதும் இருக்கோ?"

இருந்தது. கொஞ்சம் கெதியாக எரிந்து முடிகிற மருந்து. வேகத்தில் 30 அடி குறைவு, வெளிச்சம் பாதிக்கும் கீழே. நான் எனக்காகத்தான் கேட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அவருக்கும் தேவை. ஒன்ராறியோவில் சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் வரை சுடலாம். மான் வெளியே வருகிறதும் அந்த மைம்மலில்தான். நெருப்பு கண்ணைக் கூசினால், மான் எந்தப் பக்கம் ஓடியது, எப்படி ஓடியது என்று தெரியாது. தேடுவதற்கு முதல் தடயமே அதுதான். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓகஸ்ட் கடைசியில் ஒரு கட்டைத் தெரிவு செய்தோம். சராசரி 2590. மேசையில் மண்மூட்டை வைத்துச் சுட்டால் 100 யாரில் மூன்று வெடியும் ஒரு அங்குலத்துக்குள். 250 யாரிலும் விரிகிற வேகம் மிச்சம் இருந்தது.

சித்தப்பாவுக்குச் சரியான சந்தோசம். எனக்கும்தான். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியாச்சு என்று நினைத்தேன்.

பிறகு மேசையை விட்டு, காட்டில் சுடுகிற மாதிரி நிலத்தில் இருந்து, கவைத்தடியில் துவக்கை வைத்துச் சுடச் சொன்னேன். 100 யாரில் ஐந்து அங்குலம். 200 இல் பதினொன்று. ஒன்று தாளிலேயே இல்லை. மானின் நெஞ்சில் உயிர்நிலை என்று இருப்பது எட்டு அங்குலம் அளவு.

"மருந்து சரியில்லைப் போல" என்றார். இன்னொரு மருந்து வாங்கினார். அதுவும் அப்படித்தான். சன்னத்தை இருத்துகிற ஆழத்தை மாற்றினார். அப்பவும் அப்படித்தான். கொப்பியில் பக்கங்கள் நிறைந்தன. மேசையில் ஒரு அங்குலம், நிலத்தில் இருந்தால் பதினொன்று. எனக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் பயம்.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். வெடிக்காத பிளாஸ்டிக் ரவைகள் கடையில் விற்கும். அவரைத் திரும்பச் சொல்லிவிட்டு, உண்மை ரவைகளுக்கு நடுவில் ஒன்றைச் செருகினேன். முதல் வெடி வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தார். டிக் என்று மட்டும் சத்தம். ஆனால் குழல் இரண்டு அங்குலம் கீழே போனது. தோள் முன்னுக்கு வந்தது. கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தது.

சத்தத்துக்குப் பயந்தது நான் மட்டும் இல்லை.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். "மருந்தில பிழை இல்லை, சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். துவக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வீட்டுக்கு வருமட்டும் ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை. ஒரு கிழமையாக பேஸ்மண்டுக்கும் இறங்கவில்லை. 63 வயது. தோள் நோ, ஒரு கண்ணில் புகை. துவக்கை மாற்றலாம், கட்டை மாற்றலாம். இதுகளை மாற்றக் கடை இல்லை. அதைச் சொன்னது நான் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கொப்பியை எடுத்தார். "எத்தினை யாரில எட்டு அங்குலத்துக்குள்ள வைக்கிறன், அதைப் பார்ப்பம்" என்றார்.

அதுக்குப் பிறகு நாலு சனிக்கிழமை வெற்று ரவையோடு பழகினார். குழல் கீழே போவது குறைந்தது. முழுக்கப் போகவில்லை. 150 யாரில் ஐந்துக்கு ஐந்தும் எட்டு அங்குலத்துக்குள் வந்தது. 175 இல் ஒன்று வெளியே. கொப்பியில் நான் இரண்டு வரி எழுதினேன். சன்னத்தின் எல்லை 250. சித்தப்பாவின் எல்லை 150. அதுக்குக் கீழே அவரே எழுதினார்: "சின்னதை எடு."

இந்த நவம்பரில் நானும் போனேன். வகுப்புகள் எடுத்து அட்டையும் வைத்திருந்தேன், ஆனால் துவக்கு தூக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அதே மின்கம்பி வெளிக்கு வந்தோம். மற்றக் கரையில் ஒரு கொம்பன் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு நின்றது. அவர் வாழ்க்கையிலேயே கண்ட பெரிய கொம்பு என்று பிறகு சொன்னார். நான் தூரம் பார்க்கிற கருவியால் பார்த்தேன்.

"220" என்றேன், மெதுவாக.

துவக்கு கவைத்தடியில் இருந்தது. காற்று இல்லை. சன்னம் 220 இல் விரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு விசையில் வைத்த விரலை எடுத்துப் பூட்டைப் போட்டார். கிட்ட வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. இருட்டியது. மான் தன்பாட்டில் காட்டுக்குள் போனது.

மிச்ச நாட்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது சித்தி வெறும் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கோடை முழுக்க ஆராய்ச்சி செய்த காசுக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்" என்றா. சித்தப்பா சிரித்தார். எல்லாருக்கும் இருபத்துநாலாம் ஆண்டு மான் சீசன் எப்படி என்று கேட்டால் "தப்பிப்போச்சு" என்றுதான் சொல்கிறார். இந்த முறை அது உண்மை.

நாங்கள் தெரிவு செய்த கட்டு நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியாது. இருபது ரவையும் சுடாமல் பெட்டிக்குள் இருக்கின்றன. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அன்று இரவு கூடாரத்துக்குள் டோர்ச் வெளிச்சத்தில் அவர் எழுதச் சொல்லி நான் எழுதிய வரி இருக்கிறது:

"பின்னேரம் 4.40. கொம்பன். 220 யார். சுடவில்லை."